சொந்த ஊரில் ஒரு திருயாத்திரை

கள்ளக்குறிச்சிச் சீமையும் கல்வராயன் மலையும்

திருமண வீடுகளில் 'காசி யாத்திரை' என்றொரு சடங்கு உண்டு. மணமகன் பஞ்சகச்சம் உடுத்து, கையில் குடையும் விசிறியும் தடியும் ஏந்தி, காசிக்கே புறப்பட்டுவிட்டவரைப் போல மண்டபத்தின் வாசல் வரை நடப்பார். பெண்ணின் தந்தையார் எதிரே வந்து, தம் மகளைக் கைப்பிடித்து இல்லறம் ஏற்கும்படி வேண்டி, அவரைத் திரும்ப அழைத்து வருவார். சுற்றத்தார் சிரித்து மகிழ்வார்கள். நடந்தது நாற்பது அடி தூரம்கூட இராது. ஆயினும் நம் முன்னோர் அந்தச் சிறு பாவனைக்கு ஒரு மந்திரத்தையும் மரியாதையையும் வைத்தார்கள். பாவனையாகச் செய்யும் யாத்திரைக்கும் பொருள் உண்டு என்பது அவர்கள் கருத்து.

அன்று வாசலோடு திரும்பியவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயதாகிறது. பிள்ளைகளைப் படிக்கவைத்து, பெண்களைக் கரையேற்றி, கடமைகள் தீர்ந்தபின் காசிக்குப் போகலாம் என்று எண்ணியிருந்தோர் பலர். கடமைகள் தீர்ந்தன. ஆனால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மருத்துவர் நெடும்பயணம் வேண்டாம் என்கிறார். உடன் வரத் துணையில்லை. 'ஒரு தலத்தையும் சேவிக்காமல் காலம் போய்விட்டதே' என்ற ஏக்கம் பல முதியவர்களின் நெஞ்சில் இருக்கிறது.

அத்தகைய அன்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிறந்து வளர்ந்த ஊரையே வெளியூர் யாத்திரிகரின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். நெடுந்தொலைவிலிருந்து வந்து முதன்முறையாக அந்த மண்ணை மிதிப்பவராக உங்களைப் பாவித்துக்கொள்ளுங்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. அதற்குச் சான்றாக இவ்வாரம் ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தின் 34-ஆவது மாவட்டமாக உருவான கள்ளக்குறிச்சியே அது. மாவட்டம் புதியது, மண்ணோ திருமுனைப்பாடி நாடு என்றும், மலையமான் நாடு என்றும், திவ்யதேச மரபில் நடுநாடு என்றும் போற்றப்பட்ட பழம்பெரும் மண்.

பெயர்களே சொல்லும் பெருமை

கங்கை பனிமலையிலிருந்து வெளிப்படும் இடத்தைக் கோமுகம் என்பர். அதைக் காண்பதற்கென்றே உயிரைப் பணயம் வைத்து இமயம் ஏறுவோர் உண்டு. கள்ளக்குறிச்சி வழியாக ஓடும் ஆற்றுக்குப் பெயர் என்ன? கோமுகி. கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, பின் மணிமுத்தாற்றில் கலக்கிறது. மணிமுத்தாறும் இதே மலையில் பிறந்ததுதான். அந்த ஆறு விருத்தாசலத்தில் பழமலைநாதரின் திருக்கோயிலை ஒட்டி ஓடி வெள்ளாற்றைச் சேர்கிறது. விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்ற திருப்பெயர் உண்டு. ஆக, நம் வீட்டுப் பக்கத்து மழைநீர் கோமுகியில் விழுந்து விருத்தகாசி வரை யாத்திரை செய்கிறது. நாம்தான் பாலத்தின்மேல் பேருந்தில் கடக்கும்போது தலைதிருப்பிப் பார்ப்பதில்லை.

கோமுகி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் நாம் அறிந்ததே. கருவறையில் இறைவனுக்குச் செய்த திருமஞ்சன நீர் வெளியேறும் தாரைக்கும் அதுவே பெயர். பிராகாரம் சுற்றும்போது அந்த நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். மலை முழுவதும் ஒரு கருவறை என்று எண்ணினால், அதன் அபிஷேக நீர் கோமுகியாக ஓடிவருகிறது என்று கொள்வதில் தவறென்ன?

அந்த மலைமேலுள்ள முக்கிய ஊரின் பெயர் வெள்ளிமலை. தமிழ் இலக்கியத்தில் வெள்ளிமலை என்றால் கயிலை. தென்பெண்ணைக் கரையில் பள்ளிகொண்ட பெருமான் எழுந்தருளியிருக்கும் ஊரின் பெயர் ஆதி திருவரங்கம். கயிலையும் அரங்கமும் கங்கையின் மூலமும் ஒரே மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களில் இருக்கின்றன. போக முடியாத தலங்களை எண்ணி ஏங்கியிருப்போருக்காகவே முன்னோர் இவ்வாறு பெயர் சூட்டி வைத்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இடைகழியில் மூவர்

யாத்திரிகராகப் புறப்படுவோர் முதலில் சேவிக்க வேண்டிய தலம் திருக்கோவலூர் எனும் திருக்கோயிலூர். நடுநாட்டுத் திவ்யதேசங்கள் இரண்டே. திருவஹீந்திரபுரம் ஒன்று, இது மற்றொன்று. விண்ணளாவிய ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே சென்றால், உலகளந்த பெருமாள் ஒரு திருவடியை ஊன்றி, மற்றொன்றை வானை நோக்கித் தூக்கி நிற்கும் பேருருவைக் காணலாம். வழக்கத்துக்கு மாறாக வலக்கையில் சங்கும் இடக்கையில் சக்கரமும் ஏந்தியிருக்கிறார். தாயார் பூங்கோவல் நாச்சியார். இத்தலத்தில் சாளக்கிராமத் திருமேனியராய்க் கண்ணன் தனிச் சன்னிதி கொண்டிருப்பதையும், பெருமாள் கோயிலுக்குள்ளேயே துர்க்கை எழுந்தருளியிருப்பதையும் அடிக்கடி வருவோர்கூடக் கவனிப்பதில்லை.

இத்தலத்தின் பெரும்புகழ் இடைகழியால் வந்தது. மழை கொட்டும் இருண்ட இரவு. காஞ்சியில் தோன்றிய பொய்கையாழ்வார் ஓர் இல்லத்தின் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கப் போதுமான இடம். கடல்மல்லையில் தோன்றிய பூதத்தாழ்வார் வந்தார், இருவர் அமர்ந்தனர். மயிலையில் தோன்றிய பேயாழ்வார் வந்தார், மூவர் நின்றனர். நான்காவதாக யாரோ நெருக்குவதை உணர்ந்தனர். ஒருவர் உலகையே அகலாகக் கொண்டு விளக்கேற்றினார். மற்றவர் அன்பை அகலாக்கி ஏற்றினார். மூன்றாமவர் அந்த ஒளியில் திருமாலைக் கண்டார். அன்று தொடங்கியதே நாலாயிரத்தின் ஓடை. உற்சவப் பெருமாளுக்குத் தேஹளீசன் என்பது திருநாமம். தேஹளி என்றால் வாசல் இடைகழி. அதன் ஈசன் என்பது பொருள்.

இக்கதையில் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடைகழி வீட்டுக்காரர் நாள்தோறும் நடந்து போகும் இடம். காலையில் கோலமிடப் போகும்போதும், மாலையில் கால் கழுவி உள்ளே வரும்போதும் மிதிக்கும் இடம். அங்கே பெருமானைக் கண்டவர்கள் மூவரும் வெளியூர் யாத்திரிகர்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் கண்டதை அவ்வூரில் வாழ்ந்தவர்களும் காணக்கூடும். அதற்கு ஓர் இரவேனும் இடைகழியில் புதியவராய் நிற்க வேண்டும்.

வேடத்தை மெய்யென்று கொண்ட மன்னர்

'யாத்திரிகர் போல நடிப்பதா? பக்தியில் நடிப்புக்கு இடமுண்டா?' என்று ஐயுறும் அன்பர்கள் இருக்கலாம். அதற்கு விடையும் திருக்கோவலூரிலேயே இருக்கிறது.

சேதி நாட்டை இங்கிருந்து ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். அடியார்களின் திருவேடமே மெய்யான பொருள் என்று வாழ்ந்தவர். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன், உடலெங்கும் நீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துச் சிவனடியார் வேடத்தில் வந்தான். மன்னர் வணங்கிய வேளையில் குத்தினான். காவலனான தத்தன் வாளை ஓங்கியபோது, விழுந்துகொண்டிருந்த மன்னர் அவனைத் தடுத்து, வந்தவர் நம்மைச் சேர்ந்தவர் என்றார். ஊரார் அவனைத் தாக்காதபடி எல்லை வரை பாதுகாப்பாகக் கொண்டுபோய் விட்டுவரச் செய்தார். தத்தன் திரும்பிவந்து செய்தி சொல்லும்வரை உயிரைத் தாங்கியிருந்தார்.

பகைவனின் பொய் வேடத்தையே மெய்யென்று போற்றியவரின் ஊர் இது. அப்படியிருக்க, அன்போடு நாம் பூணும் யாத்திரிகர் வேடத்தை இறைவன் ஏற்காமல் இருப்பானா?

மெய்ப்பொருளார் வழிபட்ட கோயில், தென்பெண்ணையின் தென்கரையில் கீழையூர்ப் பகுதியில் உள்ள வீரட்டானேசுவரர் திருக்கோயில். அட்ட வீரட்டத் தலங்களுள் அந்தகாசுரனை இறைவன் வதம் செய்த தலம். சம்பந்தரும் அப்பரும் பாடியது. இங்குள்ள பெரிய யானைக் கணபதிதான் ஔவையாரைத் துதிக்கையால் தூக்கிக் கயிலையில் சேர்த்தவர் என்பது மரபு. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் புறப்பட்டபோது, ஔவையாரும் விரைந்து செல்லும் ஆவலில் பூசையை வேகமாக முடிக்கப் பார்த்தாராம். அவசரம் வேண்டாம், நிதானமாகப் பூசை செய் என்று கணபதி அருளி, அகவலைக் கேட்டு மகிழ்ந்து, மற்ற இருவருக்கும் முன்பாகவே அவரைக் கயிலையில் விட்டாராம். யாத்திரைக்கு விரைந்தவர்கள் பின்னே வர, இருந்த இடத்தில் ஊன்றி நின்று பூசை செய்த மூதாட்டி முன்னே சேர்ந்தார். முதுமையில் வீட்டோடு இருக்க நேர்ந்தவர்கள் இக்கதையை மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

இக்கோயிலின் சுவர்களையும் நின்று பாருங்கள். இராசராச சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. மாமன்னரின் தாயார் வானவன் மாதேவி இந்த மலையமான் குலத்துப் பெண். கணவர் சுந்தர சோழர் மறைந்தபோது, பால்மணம் மாறாத குழந்தையையும் பிரிந்து அவரோடு தீப்புகுந்த செய்தியை அது கூறுகிறது. பாரியின் மகளை மலையமானுக்கு மணம் செய்துவைத்தபின், புலவர் கபிலர் பெண்ணையாற்றின் நடுவிலுள்ள பாறையில் தீப்புகுந்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. நண்பனின் பிள்ளைகளைக் கரைசேர்த்துவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று விடைபெற்றவர் கபிலர். அந்தப் பாறை இன்றும் கபிலர் குன்று என்ற பெயரோடு, உச்சியில் சிறு கோயில் தாங்கி ஆற்றில் நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் காணப் பேருந்து பிடித்துப் போகும் உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அதைக் கட்டியவரின் தாய்வீடு தங்கள் ஊர் என்று தெரியும்?

ஆற்றங்கரைக்கு வந்த பதினாறு வயதுச் சிறுவன்

ஆற்றின் வடகரையில், இன்று விழுப்புரம் மாவட்டத்தில், அறையணிநல்லூர் எனும் அரகண்டநல்லூர். பாறைமேல் அமைந்த அதுல்யநாதேசுவரர் கோயிலிலிருந்து திருவண்ணாமலையைக் கண்டு சம்பந்தர் பாடினார் என்பர். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், மதுரையிலிருந்து வீட்டைத் துறந்து புறப்பட்ட ஒரு சிறுவன் மாம்பழப்பட்டில் இரயிலைவிட்டு இறங்கி நடந்து இங்கே வந்து சேர்ந்தான். கையில் காசில்லை. மண்டபத்தில் அமர்ந்து தியானித்தபோது எங்கும் ஓர் ஒளி பரவக் கண்டான். கருவறை விளக்கின் ஒளியோ என்று எழுந்து பார்த்தான், அதுவும் அன்று. நடை சாத்தும் நேரமாயிற்று என்று கோயிலார் அழைக்க, அவர்களுடன் ஆற்றைக் கடந்து கீழையூர் வீரட்டானத்துக்கு வந்தான். பசிக்கு உணவு கேட்டபோது மறுமொழி சாதகமாக இல்லை. கோயில் மேளக்காரர் ஒருவர் தமக்குரிய பட்டைச் சாதத்தை அந்தச் சிறுவனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. ஊரில் ஓர் அன்பர் இல்லத்தில் வயிறார உணவு கிடைத்தது. காதிலிருந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையை அடைந்தான். அச்சிறுவனே பகவான் ரமணர்.

அந்த மாலையில் ஊரார் பலர் அதே மண்டபத்தைக் கடந்து போயிருப்பார்கள். அவர்களுள் அந்த மேளக்காரரை மட்டும் இன்றளவும் அன்போடு நினைக்கிறோம். பெயர் தெரியாத யாத்திரிகனின் முகத்தை அவர் நிமிர்ந்து பார்த்தார். ஊரைப் புதிதாகப் பார்ப்பது என்பதில் ஊருக்கு வந்தவரைப் பார்ப்பதும் அடங்கும்.

மாதந்தோறும் பௌர்ணமியில் அண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறோம். போக இயலாத முதியவர்களுக்கு ஒரு செய்தி. தை மாதம் 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையாரே புறப்பட்டு மணலூர்பேட்டைக்கு வந்து தென்பெண்ணையில் தீர்த்தவாரி கொண்டருள்கிறார். நாம் போக முடியாவிட்டால் அவர் வருகிறார்.

'உம் வீடு எது?'

உளுந்தூர்பேட்டைப் பகுதியில் உள்ளது திருநாவலூர். நாவல் மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்டது. பக்தஜனேசுவரர் எழுந்தருளிய தலம். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாய்ச் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஊர். தந்தை, தாய், மகன் மூவருமே அறுபத்துமூவரில் இடம்பெற்ற பெருமை இவ்வூருக்கு உண்டு. சோழ இளவரசர் இராசாதித்தர் திருப்பணி செய்த கோயில் இது.

சுந்தரரின் திருமணத்தை நாம் எல்லாரும் அறிவோம். புத்தூரில் மணப்பந்தல் நிறைந்திருந்த வேளையில் முதிய வேதியர் ஒருவர் ஓலையோடு வந்து, 'இவன் எனக்கு அடிமை' என்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. ஓலை மெய்யென்று தீர்ந்தது. இதற்குப்பின் நடந்ததைத்தான் நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். அவையோர் முதியவரிடம், 'இந்த ஊர்தான் உமது ஊர் என்கிறீர். உம் வீடு எது? காட்டும்' என்று கேட்டார்கள். அவர்கள் அனைவரும் அவ்வூர்ப் பெரியவர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள். முதியவருக்கு வியப்பு: இத்தனை பேரில் ஒருவருக்கும் என்னைத் தெரியவில்லையா? சரி, வாருங்கள் என்று நடந்தார். எல்லாரும் பின்தொடர்ந்தனர். நேரே திருவருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைந்தார்.

உள்ளூர்க்காரரையே உள்ளூரார் அறியவில்லை. நாள்தோறும் கும்பிட்ட கோயிலின் இறைவன் கண்முன் வந்து நின்றபோது, 'நீர் யார், உம் வீடு எங்கே' என்று கேட்டார்கள். அவர் வீடு காட்டிய பிறகே அவர்களுக்குத் தங்கள் ஊர் தெரிந்தது. சொந்த ஊரில் யாத்திரிகராய் நடப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. அந்த அவையோரைப் போல, 'எங்கே உம் வீடு?' என்று ஒருமுறை கேட்டு, பின்னாலேயே நடப்பதுதான் அது.

இன்னும் சில வாசல்கள்

ரிஷிவந்தியத்தில் இறைவன் அர்த்தநாரீசுவரர். சிவலிங்கத் திருமேனிக்குத் தேனபிஷேகம் செய்யும்போது அதில் அம்மையப்பர் வடிவம் துலங்குவதைக் காணலாம். பாலோ நீரோ வழியும்போது தோன்றாத வடிவம், தேன் மெல்ல வழியும்போது தோன்றுகிறது. அதைக் காண்பதற்கு அபிஷேக வேளை அறிந்து சென்று பொறுமையாக நிற்க வேண்டும். அம்பிகை முத்தாம்பிகை.

ஆதி திருவரங்கத்தில் அரங்கநாதர் நெடிய திருமேனியராய்ப் பள்ளிகொண்டிருக்கிறார். அங்குள்ள பழைய நெற்களஞ்சியம் வட்ட வடிவில் உயர்ந்து நிற்கிறது. கோயில் என்பது ஊருக்கே நெல் சேர்த்து வைத்த இடமாகவும் இருந்தது என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே நின்று சொல்லலாம். சின்னசேலம் பக்கம் தென்பொன்பரப்பியில் சொர்ணபுரீசுவரர் பதினாறு பட்டைகள் கொண்ட லிங்கத் திருமேனி. காகபுஜண்டர் மரபோடு இணைத்துப் பேசப்படும் தலம். எலவானாசூரில் கிராமார்த்தநாதேசுவரர். கூவாகத்தில் கூத்தாண்டவர். பாரதப் போரின் வெற்றிக்காகத் தன்னையே பலி தந்த அரவானுக்குச் சித்திரையில் நடைபெறும் விழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் வந்து தாலி கட்டிக்கொள்கிறார்கள். எங்கிருந்தோ வருவோர்க்கெல்லாம் தெரிந்த வாசலை, அண்டை ஊரில் இருந்துகொண்டு அறியாதிருப்பது நமக்கு அழகன்று.

மலைமேல் ஒரு நாள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, 2,000 அடிக்கும் மேல் உயர்ந்து, கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் நடுவே பரந்து கிடக்கிறது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பகுதிகள். கோடை விழாவின்போது இளைஞர்கள் அருவி காணவும் கரியாலூரில் படகு ஏறவும் வருகிறார்கள். பெரியோர் காண வேண்டியது வேறும் உண்டு.

அங்கு வாழும் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்வோர் என்பதே பொருள். சாமையும் நெல்லும் மரவள்ளியும் பயிரிடுவார்கள். கடுக்காயும் புளியும் தேனும் சேகரிப்பார்கள். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு வரும் கடுக்காய் இம்மலையில் யாரோ ஒரு தாய் குனிந்து பொறுக்கியதாக இருக்கலாம். 1976-ஆம் ஆண்டு வரை இம்மலை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது.

மலையாளி மக்களிடையே வழங்கும் ஒரு மரபுக் கதை உண்டு. காஞ்சிபுரத்தில் இருந்த கரிராமன் எனும் தெய்வம் அவ்விடத்தைவிட்டு வேறு இருப்பிடம் தேடிப் புறப்பட்டதாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் எனும் மூவர் தங்கள் குடும்பத்தோடு தெய்வத்தைத் தேடி வெவ்வேறு வழிகளில் நடந்தார்களாம். அவர்கள் வழிவந்தோரே சேர்வராயன் முதலிய மலைகளில் பரவிய மக்கள் என்பர். தெய்வம் போன வழியிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு, சேர்ந்த இடத்தையே ஊராக்கிக்கொண்ட கூட்டம்! யாத்திரையே அவர்கள் குலவரலாறு. அவர்களுடைய ஊர்க்கோயில்களுக்குப் போகும்போது விருந்தினராய்ப் போக வேண்டும். காலணியைத் தள்ளியே கழற்றி, ஊர்ப் பெரியவரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் வழக்கப்படி வணங்கி வர வேண்டும்.

தெய்வம் செதுக்கும் கைகள்

யாத்திரை போனால் நினைவாக ஏதேனும் வாங்கி வருவோம். இம்மாவட்டத்தில் அதற்கும் குறைவில்லை. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு 2021-ஆம் ஆண்டு கிடைத்தது. தேர்ச் சிற்பங்கள், திருவுருவங்கள், வாகனங்கள், பூசை மண்டபங்கள், கதவுகள் எனச் செதுக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. வெளிநாட்டுக் கோயில்களிலும் இல்லங்களிலும் போய் அமரும் விநாயகர், ஏதோ ஒரு தெருவில் சீவல்களுக்கு நடுவே உருக்கொள்கிறார். அந்தக் கூடத்தில் சற்று நின்று பாருங்கள். கண் திறக்கும் முன் சிற்பி கும்பிடுவதையும் காண நேரலாம்.

விளக்குக்குக் காத்திருக்கும் சன்னிதிகள்

இதுவரை சொன்னவை புகழ்பெற்ற தலங்கள். அவற்றுக்கு அடியார்கள் வந்துகொண்டே இருப்பார்கள். உண்மையில் நாம் யாத்திரிகராக வேண்டியது, பெயர்ப்பலகைகூட இல்லாத சிறு கோயில்களுக்காகவே.

ஒவ்வொரு ஊரிலும் கிழக்கே ஒரு சிவன் கோயில், மேற்கே ஒரு பெருமாள் கோயில், ஏரிக்கரையில் ஐயனார், எல்லையில் மாரியம்மன். அவற்றுள் பல, நாளுக்கு ஒருமுறை நடை திறந்து, ஒரு விளக்கு ஏற்றி, ஒரு பிடி அன்னம் நிவேதித்து மூடப்படுகின்றன. வருவாய் இல்லாத கோயில்களுக்காக இந்து சமய அறநிலையத் துறை ஒரு கால பூசைத் திட்டத்தை நடத்துகிறது. திட்டம் எண்ணெய்க்கும் அரிசிக்கும் உதவும். சன்னிதியில் நின்று கேட்பதற்கு ஒரு காது, பாடுவதற்கு ஒரு வாய், இவற்றை எந்தத் திட்டமும் தர இயலாது. யாரும் வராத கோயிலில், அர்ச்சகர் கற்பூர ஆரத்தியைத் தனியே காட்டித் தாமே கண்ணில் ஒற்றிக்கொண்டு கதவைச் சாத்துகிறார்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. அந்தச் சிறு கோயிலின் தலபுராணம் எந்த நூலிலும் இல்லை. எந்த ஆண்டில் தேர் நின்றது, எந்தக் குளத்திலிருந்து திருமஞ்சனம் வந்தது, பஞ்ச காலத்தில் எந்த அம்மனுக்குப் பொங்கலிட்டு மழை பெய்தது என்பதெல்லாம் ஊரில் இருக்கும் மூத்தவர்களின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்தும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது கைப்பேசியைப் பார்த்தபடி வீட்டுக்குள் இருந்து திரும்பிவிடுகிறார்கள். கேட்பவர் இல்லாததால் சொல்பவரும் மறக்கிறார். இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பேரன் சொந்த ஊருக்கு வந்தால், யாத்திரிகர் வேடம் அவனுக்குத் தேவைப்படாது. அவன் மெய்யாகவே அந்நியனாக நிற்பான். வழிகாட்ட ஒருவரும் இருக்க மாட்டார்.

ஆகவே இந்த யாத்திரை நம் மனநிறைவுக்கு மட்டும் உரியதன்று. நமக்குப் பின் வருவோர்க்கு வழி தெரிய வேண்டும் என்பதற்கும் உரியது.

எவ்வாறு தொடங்குவது?

ஒரு நல்ல நாளில், வீட்டுப் பூசையறையில் விளக்கேற்றிச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள். நாவலந்தீவில், பரத கண்டத்தில், மேருவுக்குத் தென்பால் என்று நாம் நிற்கும் இடத்தைச் சொல்லியே சங்கல்பம் தொடங்குகிறது. உலகில் நம் ஊர் எங்கே இருக்கிறது என்று இறைவனிடம் அறிவித்துவிட்டுத்தான் எந்தக் கருமமும் செய்கிறோம். அன்று அச்சொற்களைப் பொருளறிந்து சொல்லுங்கள்.

மாதம் ஒரு தலம் போதும். வழக்கமாக நுழையும் பக்கவாசலை விட்டு, முதன்மைக் கோபுரத்தின் வழியே நுழையுங்கள். கொடிமரத்தருகில் சற்று நில்லுங்கள். இறைவனின் திருப்பெயர், அம்பிகையின் திருப்பெயர், தலவிருட்சம், தீர்த்தம், பாடியவர் ஆகிய ஐந்தையும் முதன்முறை கேட்பவரைப் போல அர்ச்சகரிடம் கேளுங்கள். நாற்பது ஆண்டுகளாய்ப் பழகியவர் திடீரென்று கேட்டால் அவருக்கும் வியப்பாக இருக்கும்; மகிழ்ச்சியாகவும் இருக்கும். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கல்வெட்டுகள்மீது சுண்ணாம்போ திருநீறோ பூசப்பட்டிருந்தால் நிர்வாகத்தாரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

நண்பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும். ஆதலால் காலையிலேயே புறப்படுங்கள். சிறு கோயில்களாயின் அர்ச்சகரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குடிநீரும் மருந்தும் கையில் இருக்கட்டும். படியேற இயலாதோர் கோபுர தரிசனத்தோடு நிறைவு கொள்ளலாம். கோபுரமும் இறைவன் திருவடியே என்பது பெரியோர் வாக்கு. மலைக்குப் போவதாயின் மழைக்காலம் தவிர்த்து, துணையோடு செல்லுங்கள். சிறு கோயிலுக்குப் போகும்போது ஒரு புட்டி நல்லெண்ணெயும் ஒரு பொட்டலம் திரியும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடுமுறைக்கு வரும் பேரனையோ பேத்தியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். குறிப்பேட்டை அவர்கள் கையில் கொடுத்து, 'நான் சொல்கிறேன், நீ எழுது' என்று கூறுங்கள். தாய் தந்தையரை வலம்வந்தே உலகத்தை வலம்வந்த பேற்றைப் பெற்றார் பிள்ளையார். பிறந்த மண்ணும் தாயேயன்றோ? அதை ஒருமுறை முறையாக வலம்வந்துவிட்டோம் என்ற நிறைவை, கோமுகிக் கரையில் வாழ்வோர்க்கும், வேறு எந்த ஆற்றங்கரையில் வாழ்வோர்க்கும், எல்லாம் வல்ல இறைவன் தந்தருள்வானாக.